ஐரிஸில் நீர்க்கட்டி: ஊசியால் உறிஞ்சினால் போதாதா, வெட்டித்தான் ஆகணுமா?

அச்சகப்_பாண்டி | 14 மே 2023, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 29. சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன். ஏழாவது படிக்கும்போது, 2006இல், கிரிக்கெட் பந்தை எடுக்க சீமைக்கருவேலப் புதருக்குள் தலையை விட்டதில் முள் வலது கண்ணில் குத்திவிட்டது. கார்னியாவில், அதாவது கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலத்தில், 2 தையல் போட்டார்கள். அதற்கப்புறம் பார்வை கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் வேலைக்குக் குறைவில்லை.

போன தீபாவளி சமயம்தான் முதலில் சந்தேகம் வந்தது. நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று லென்ஸ் வைத்துச் சிலுவை மாதிரி இருக்கும் ரெஜிஸ்டர் குறியைப் பார்ப்போம். வலது கண்ணால் பார்த்தால் சிலுவைக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு சிலுவை. இரண்டு நாள் மெஷினைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் இடது கண்ணால் பார்த்தால் குறி சரியாக இருக்கிறது! வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் பாப்பாவுக்குக் கீழே, கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்தில், வெந்த ஜவ்வரிசி மாதிரி ஓர் உப்பல்.

ஜனவரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உள்ளே இருந்த நீரை உறிஞ்சி எடுத்தார்கள். அஞ்சு நிமிட வேலை. இரண்டு வாரம் பார்வை பளிச்சென்று இருந்தது. மார்ச் கடைசியில் பார்த்தால் பழையபடி வந்துவிட்டது, முன்னைவிடப் பெரிசாக. இப்போது வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் யூபிஎம் என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிட்டு, கட்டியோடு சேர்த்து ஐரிஸில் (பாப்பாவைச் சுற்றி இருக்கும் நிற வளையம்) ஒரு துண்டையும் வெட்டி எடுக்கணும் என்கிறார் டாக்டர்.

என் கேள்வி இதுதான். தண்ணிக் கட்டிதானே? மறுபடி உறிஞ்சினால் போதாதா? லேசரில் பொத்தல் போட முடியாதா? கண்ணுக்குள் ஒரு துண்டை வெட்டுகிறேன் என்றால் வயிற்றைக் கலக்குகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிலாமதி | 14 மே 2023, இரவு 11:25

பயப்படாதீங்க அண்ணா. எனக்கும் ஐரிஸ் சிஸ்ட் இருக்கு. 2 வருஷம் முன்னாடி கண்ணாடி போடாமல் இருக்க லேசர் செய்துகொள்ளலாம் என்று செக்கப்புக்குப் போனேன். ஐரிஸ் ஓரத்தில் ஒரு மேடு தெரிகிறது, கட்டியாக இருக்கலாம் என்றார்கள். ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கடைசியில் ஸ்கேனில் ஐரிஸுக்குப் பின்னால் மெல்லிய சுவரோடு நீர் மட்டும் நிற்பது தெரிந்தது. மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை காட்டு என்று அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. எதற்கு இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் வெட்டணும்?

---

பழைய_ஸ்லிட்லேம்ப் | 15 மே 2023, காலை 6:10

பாண்டி தம்பி, நான் ஓய்வுபெற்ற கண் மருத்துவன். உங்கள் கண்ணை நேரில் பார்க்காதவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நிலாமதிக்குச் சொன்னதும் சரி, உங்களுக்குச் சொன்னதும் சரி. பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு.

முதலில் ஒரு சொல் தகராறு. ஆஸ்பத்திரிப் பலகையில் ‘கருவிழி’ என்றால் கார்னியா. ‘விழித்திரை’ என்றால் ரெட்டினா. நடுவில் இருக்கும் ஐரிஸைப் பாடப்புத்தகம் ஒரு பெயரில் சொல்கிறது, செய்தித்தாள் இன்னொரு பெயரில் எழுதுகிறது. என்னிடம் வந்த நோயாளிகளில் பாதிப் பேர் இதில் குழம்பித் தப்பான பிரிவில் வரிசையில் நின்றவர்கள். ஆகவே ஐரிஸ் என்றே எழுதுகிறேன்.

ஐரிஸின் முன்பக்கம் பஞ்சு போன்ற ஸ்ட்ரோமா. பின்பக்கம் மை பூசியது போல இரட்டை நிறமிப் படலம். அந்த இரண்டு படலத்துக்கும் நடுவே நீர் சேர்ந்து உப்பினால், அதுதான் நிலாமதிக்கு இருப்பது. பிறவியிலேயே உள்ள இடைவெளி, யாரும் எதுவும் செய்து வந்ததல்ல. இளம் வயதுப் பெண்களிடம் அதிகம் பார்க்கிறோம், பெரும்பாலும் ஐரிஸின் வெளி ஓரத்தில், காதுப் பக்கமாக. பிலடெல்பியாவில் வில்ஸ் கண் மருத்துவமனையின் ஜெரி ஷீல்ட்ஸ் 1981இல் இவற்றை வகைபிரித்து எழுதினார். அதே மருத்துவமனையில் இருந்து 2012இல் வந்த கணக்கில், ஐரிஸில் கட்டி என்று அனுப்பப்பட்ட 3680 பேரில் 21 சதவீதம் பேருக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி. அதிலும் பெரும்பங்கு இந்தப் பின்பக்க வகை. இவை வளர்வது அபூர்வம். நிறைய கட்டிகள் சேர்ந்து ஐரிஸை முன்னால் தள்ளி, நீர் வடியும் கோணத்தை அடைத்தால் மட்டும் கண் அழுத்தத்தைக் கவனிக்கவேண்டி வரும். மற்றபடி சும்மா விட்டுவிடுவதே வைத்தியம்.

உங்களுடையது முள் வைத்த கட்டி. 2006இல் அந்த முள் உள்ளே போனபோது, கண்ணின் மேல்தோலில் இருந்து சில செல்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. கண்ணிமை முடி ஒன்று உள்ளே போனாலும் இதே கதைதான். மேல்தோல் செல்லுக்கு எங்கே போட்டாலும் ஒரே புத்திதான்: பரவும், ஒன்றோடொன்று கைகோத்து ஒரு பை கட்டும், பைக்குள் நீரையும் சளியையும் விடும். 10 வருடம், 20 வருடம் சத்தமே இல்லாமல் கிடந்துவிட்டுத் தலைகாட்டும். கிளாஸ்கோவின் வில்லியம் மெக்கன்ஸி 1830லேயே இப்படிக் காயத்துக்கு அப்புறம் வந்த கட்டியை எழுதி வைத்திருக்கிறார்.

நீரை எடுத்தால் பை இருக்கிறது. பைதான் வியாதி, நீர் அல்ல. சிவகாசிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சீமைக்கருவேலத்தைக் கவாத்து பண்ணினால் என்ன ஆகும்? இரண்டு மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும்.

அதைவிடக் கவலை வேறு. பையைக் குத்திவிட்டுச் சும்மா விட்டால், அந்த ஓட்டை வழியாகச் செல்கள் வெளியே வந்து கார்னியாவின் உள்பக்கத்திலும் ஐரிஸின் மேலும் படலமாகப் படர்ந்துவிடலாம். கட்டியாக இருந்தால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியும். படலமாகிவிட்டால் அது கீரைப் பாத்தியில் கலந்த புல் மாதிரி, பிரித்தெடுப்பது நரகம். அந்த நிலையில் கண்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யாக் லேசரில் பொத்தல் போடுவதும் இதே காரணத்தால் உங்கள் வகைக்கு எனக்குப் பிடிக்காது. பின்பக்க வகை தொந்தரவு கொடுத்தால் லேசர் பொருத்தம்தான், அங்கே தப்பிப் பரவும் மேல்தோல் இல்லை.

---

மாறன்_பயோடெக் | 15 மே 2023, காலை 9:02

ஐயா மன்னிக்கணும், இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. உறிஞ்சுவது மட்டும் என்றால் திரும்ப வரும், சரி. ஆனால் உறிஞ்சிவிட்டு அதே ஊசி வழியாக ஆல்கஹால் செலுத்திப் பையின் உட்சுவரைக் கொல்லும் முறை இருக்கிறதே? 2003இல் ஈரானில் இருந்து எழுதினார்கள். 2014இல் அதே வில்ஸ் மருத்துவமனையில் இருந்து, கரோல் ஷீல்ட்ஸ் குழு, 16 பேருக்குச் செய்து வெளியிட்டிருக்கிறது. பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கிவிட்டது. ஐரிஸை வெட்ட வேண்டாம், தையல் வேண்டாம். நம் ஊரில் மட்டும் ஏன் எடுத்த எடுப்பில் கத்தி? ஆபரேஷன் என்றால்தான் பில் ஏறும் என்பதாலா?

---

யாழினி_அம்மா | 15 மே 2023, காலை 11:47

மாறன் சொல்லும் ஆல்கஹால் வைத்தியம் என் மகளுக்கு நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

அவளுக்கு 11 மாதம் இருக்கும்போது இடது கண்ணில் கண்ணாடிக் குண்டு மாதிரி ஒன்று பளபளத்தது. அடி எதுவும் படவில்லை. பிறவியிலேயே ஐரிஸின் முன்பகுதியில் வந்த ஸ்ட்ரோமா சிஸ்ட் என்றார்கள். ஒரு மாதத்தில் கண் பாப்பாவைப் பாதி மூடிவிட்டது. குழந்தைகளுக்கு இது வேகமாக வளரும் என்றும், பார்வை பழகும் வயதில் பாப்பா மூடியிருந்தால் மூளை அந்தக் கண்ணையே ஒதுக்கிவிடும் என்றும் சொன்னார்கள்.

முழு மயக்கம் கொடுத்து முதலில் உறிஞ்சினார்கள், திரும்ப வந்தது. இரண்டாவது தடவை ஆல்கஹால். அப்புறம் சுருங்கி, இப்போது ஐரிஸில் ஒரு சாம்பல் தழும்பு மட்டும் இருக்கிறது.

ஆனால் யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்லாதது என்னவென்றால், கட்டியை எடுப்பது கால்வாசி வேலைதான். நல்ல கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி, கட்டி இருந்த கண்ணைப் பழக்குவதுதான் மீதி. தினமும் 2 மணி நேரம், 3 வருடம். ஒட்டின உடனே பிய்த்து என் முதுகில் ஒட்டிவிடுவாள். ஒருநாள் அப்படியே கடைக்குப் போய்விட்டேன். ஒரு பாட்டிதான் கூப்பிட்டுச் சொன்னார்.

---

தியேட்டர்_சிஸ்டர் | 15 மே 2023, மாலை 4:30

23 வருடமாகக் கண் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறேன். மாறன் தம்பி, ஆல்கஹால் என்றதும் சாதாரண விஷயமாக எண்ண வேண்டாம். அது 99 சதவீதம், தண்ணீர் கலக்காதது. ஊசியை உள்ளே விட்டு நீரை எடுத்ததும் அதே ஊசியை அசைக்காமல், எடுத்த அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஆல்கஹாலை ஏற்றி, ஒரு நிமிடம் போல வைத்திருந்து, திரும்ப உறிஞ்சணும். அந்த ஒரு நிமிடம் தியேட்டரில் யாரும் இருமக்கூட மாட்டோம். ஒரு துளி வெளியே கசிந்தால் கார்னியாவின் உள்சுவர் செல்கள் போச்சு. அவை திரும்ப வளராது. அதற்காகவே கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவே உள்ள முன் அறை முழுக்க ஜெல் நிரப்பி வைப்பார்கள்.

---

பழைய_ஸ்லிட்லேம்ப் | 15 மே 2023, இரவு 8:15

மாறன், நீங்கள் படித்துவிட்டுத்தான் பேசுகிறீர்கள், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன்.

ஆல்கஹால் முறையை நான் குறை சொல்லவில்லை. யாழினி போன்ற குழந்தைகளுக்கு அது வரப்பிரசாதம். நீங்கள் சொன்ன 16 பேரும் ஸ்ட்ரோமா சிஸ்ட் உள்ளவர்கள். ஈரானியக் கட்டுரை உங்கள் பக்கம்தான், அது எபிதீலிய, அதாவது மேல்தோல், கட்டிகளைப் பற்றியது. ஆனால் பாண்டியின் பையில் ஜனவரியில் ஒரு ஓட்டை போட்டாகிவிட்டது. அது அடைந்துவிட்டதா, எங்கே மெலிந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சிஸ்டர் சொன்ன அந்த ஒரு துளி அங்கே கசிந்தால் என்ன செய்வது? இன்னொன்று, கட்டி பழைய கார்னியா தழும்போடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கணும். ஒட்டியிருந்தால் வேர் அங்கே இருக்கிறது.

எங்கள் கூட்டத்திலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரின் நௌமன் ஒரு கோடி: கட்டி, ஐரிஸ், அதற்குப் பின்னால் உள்ள சிலியரி உறுப்பு, மேலே உள்ள கார்னியா, ஸ்க்லீரா என்ற வெள்ளை விழிச் சுவர் எல்லாவற்றையும் பையைத் தொடாமல் ஒரே கட்டையாக வெட்டி எடுத்து, தானமாக வந்த திசுவை அந்தப் பள்ளத்தில் தைப்பார். 1990களின் தொடக்கத்தில் 30க்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படிச் செய்ததை எழுதினார். பை கிழியாது, திரும்ப வருவது குறைவு, ஆனால் வீட்டில் கரையான் என்று சுவரையே இடிக்கிற வேலை. அமெரிக்காவில் ஜூலியா ஹாலர் போன்றவர்கள் மறுகோடி: ஜெல்லால் மெதுவாகப் பையைப் பிரித்து, நீரை எடுத்து, சுவரை லேசரால் சுட்டு, கண்ணின் அமைப்பை முடிந்தவரை காப்பாற்றணும் என்பார்கள். நான் படித்த காலத்தில் முதல் கட்சிக்குத்தான் மவுசு. இன்றைய இளம் சர்ஜன்கள் பலரும் நடுவழி: பையை முழுசாகப் பிரித்தெடு, ஒட்டியிருக்கிற ஐரிஸை மட்டும் வெட்டு. பாண்டிக்குச் சொல்லியிருப்பது அந்த நடுவழி. பில்லுக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

எடுத்த எடுப்பில் கத்தி என்றீர்கள். எடுத்த எடுப்பில் நடந்தது ஊசி. அதனால்தான் இன்று கத்தி.

---

மாறன்_பயோடெக் | 15 மே 2023, இரவு 8:50

கடைசி வரி நியாயம். பில் விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் ஆல்கஹால் பற்றி அவர் தன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும் என்பதில் மாற்றமில்லை.

---

பழைய_ஸ்லிட்லேம்ப் | 15 மே 2023, இரவு 8:58

கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான்.

---

மட்டுறுத்துநர் | 16 மே 2023, காலை 7:20

இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. கண்ணில் தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால் ஊற்றச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே அனுமதி இல்லை. எழுதியவருக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறோம்.

---

ஸ்காபரோ_சிவம் | 16 மே 2023, காலை 8:05

ஒரு சின்னத் தகவல், பெருமைக்குச் சொல்லுறன் எண்டு வையுங்கோ. பாண்டிக்கு எடுத்த யூபிஎம் ஸ்கேன் எங்கட டொராண்டோவிலதான் உருவானது. சார்ள்ஸ் பாவ்லின் எண்ட கண் டொக்டரும் ஸ்டூவர்ட் ஃபொஸ்டர் எண்ட இயற்பியலாளரும் சேர்ந்து, 1990 அளவில மனுசக் கண்ணில எடுத்த படங்களை வெளியிட்டவை. சாதாரண கண் ஸ்கேன் 10 மெகாஹெர்ட்ஸ், இது 50. ஆழம் போகாது, 4, 5 மில்லிமீற்றர்தான், ஆனால் ஐரிஸ் தெள்ளத் தெளிவாத் தெரியும். முந்தி மேடு ஒண்டு தெரிஞ்சால் தண்ணியோ புற்றோ எண்டு சில நேரம் வெட்டிப் பாத்துத்தான் சொல்லவேணும்.

என்ர மனிசிக்கு இதைப் போட்டவை. கண்ணுக்கு மேல ஒரு கிண்ணம் வைச்சு அதுக்குள்ள தண்ணி விட்டு, அந்தத் தண்ணிக்குள்ள கருவியை விட்டுப் பாத்தவை. நோகாது, ஆனால் ஒரு மாதிரி இருக்கும்.

---

அச்சகப்_பாண்டி | 16 மே 2023, இரவு 11:10

அண்ணா அக்கா ஐயா எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். சிவம் அண்ணா, எனக்கும் அதே கிண்ணம்தான். குண்டானில் முகம் கழுவுகிற மாதிரி இருந்தது.

ஸ்கேன் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கட்டி 4.1க்கு 3.2 மில்லிமீட்டர். ‘கார்னியா தழும்போடு ஒட்டியுள்ளது’ என்று எழுதியிருக்கிறது. கண் அழுத்தம் 16.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. இப்போது காலண்டர் வேலை ஆரம்பம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடணும். அதுவரை முதலாளியிடம் லீவு என்று வாயே திறக்க முடியாது. ஆடி 18 முடிந்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா?

---

பழைய_ஸ்லிட்லேம்ப் | 17 மே 2023, காலை 6:00

இதை உங்கள் சர்ஜன்தான் முடிவுசெய்ய வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கட்டி கார்னியாவின் உள்சுவரை எவ்வளவு பரப்பில் தொடுகிறது? லென்ஸைத் தொடுகிறதா? கோணத்தில் எத்தனை பங்கு அடைபட்டிருக்கிறது? அழுத்தம் 16 நல்லதுதான். சில வாரம் பொறுக்கலாம் என்று அவர் சொன்னால், இடையில் ஒரு தடவையாவது அழுத்தம் பார்த்து, படமும் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கண் சிவந்து வலித்தாலோ, விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தாலோ, காலண்டராவது ஆல்பமாவது, உடனே ஓடுங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் படலமாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய தந்திரம் உண்டு. ஐரிஸ் மேல் லேசாக ஆர்கான் லேசர் அடிப்பார்கள். வெறும் ஐரிஸ் என்றால் பழுப்பாகச் சுருங்கும். மேல்தோல் படர்ந்திருந்தால் அந்தப் புள்ளி வெள்ளையாகிவிடும். வெள்ளைப் புள்ளி எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை. நம் ஊரில் நிலம் அளக்கக் கல் நடுவது போலத்தான்.

---

தியேட்டர்_சிஸ்டர் | 17 மே 2023, மதியம் 2:15

தம்பி, நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எடுத்த துண்டு பயாப்சிக்குப் போகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தம்மாத்துண்டுதான், ஃபார்மலின் புட்டியில் போட்டால் கண்ணுக்கே தெரியாது. எங்கேயும் தவறிவிடக்கூடாது. உங்கள் சர்ஜன் நீலச் சாயம் பயன்படுத்துவாரா என்றும் கேளுங்கள். முற்றின கண்புரைக்குப் போடும் அதே டிரைபான் புளூ. பைக்குள் அதைச் செலுத்தினால் கண்ணாடி போல இருந்த சுவர் நீலமாகத் தெரியும், மிச்சம் விடாமல் உரிக்கலாம்.

---

அச்சகப்_பாண்டி | 2 செப்டம்பர் 2023, காலை 10:30

ஆபரேஷன் முடிந்தது. ஆகஸ்ட் 21. ஆல்பம் ஆடி 18 அன்றே வெளிவந்துவிட்டது.

ஆல்கஹால் பற்றிக் கேட்டேன் மாறன். “ஓட்டை போட்ட பலூனில் நான் ஊற்ற மாட்டேன்” என்றார் டாக்டர். ஐயா சொன்னதுதான்.

முன்னால் லேசர் அடித்துப் பார்த்தார்கள். கட்டியை ஒட்டி ஒரு விரல்நகக் கீற்று அளவுக்கு மட்டும் வெள்ளை, மற்ற இடம் சுத்தம். கண்ணுக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி, அதுதான் மொத்தத்திலும் அதிகம் வலித்தது. அப்புறம் வலி இல்லை, ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தது. கம்மாய்க்குள் முங்கிக் கண்ணைத் திறந்து சூரியனைப் பார்த்த மாதிரி மூன்று வெளிச்சம் மேலே ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் “ஜெல்… இன்னும் ஜெல்…” என்று சொல்வது கேட்டது. திடீரென்று ஒரு வெளிச்சம் நீலமானது. சிஸ்டர் அக்கா ஞாபகம்தான் வந்தது. 1 மணி 10 நிமிடம் ஆனதாகச் சொன்னார்கள். கடைசியில் காற்றுக் குமிழ் வைத்து மூடினார்கள்.

மறுநாள் கட்டுப் பிரித்ததும் ஒன்றும் தெரியவில்லை, பால் மாதிரி இருந்தது. பயந்துவிட்டேன். கண்ணாடி கொடுத்தார்கள், பார்த்தால் ரசமட்டத்துக் குமிழ் போலக் கண்ணுக்குள் ஒரு குமிழ் மேலே நிற்கிறது! தலையைச் சாய்த்தால் அதுவும் நகர்ந்தது. மூன்றாம் நாள் கரைந்துவிட்டது. முன்பு 6/18 இருந்த பார்வை இப்போது கண்ணாடியோடு 6/9. பழைய தையலால் உருவம் கொஞ்சம் கோணலாகத் தெரியும் என்றார்கள்.

பயாப்சி முடிவு நேற்று வந்தது: அடுக்கடுக்கான மேல்தோல் செல்கள், நடுவே சளி சுரக்கும் கோப்ளெட் செல்கள், புற்று இல்லை.

இப்போது என் குறை வேறு. பாப்பா வட்டமாக இல்லை. சாவித் துவாரம் மாதிரி 7 மணிப் பக்கம் திறந்து கிடக்கிறது. வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ராத்திரி எதிரே லாரி வந்தால் விளக்கு நெருப்புக் கோடாக நீள்கிறது. இதை யாரும் இவ்வளவு இருக்கும் என்று சொல்லவில்லையே?

---

பழைய_ஸ்லிட்லேம்ப் | 2 செப்டம்பர் 2023, மாலை 5:45

மகிழ்ச்சி தம்பி. கோப்ளெட் செல் இருப்பதால், முள் கூட்டிப்போனது கன்ஜன்க்டைவா, அதாவது வெள்ளை விழிமேல் உள்ள மெல்லிய தோல். கார்னியாவின் மேல்தோலில் அந்தச் செல் கிடையாது.

கூச்சத்தை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை, தப்புத்தான். ஐரிஸின் மேல்பக்கம் வெட்டினால் மேல் இமை பாதியை மூடிக்கொள்ளும், நோயாளிக்குத் தெரியவே தெரியாது. கீழ்ப்பக்கத்துக்கு அந்தத் திரை இல்லை. 7 மணி என்பது இந்த விஷயத்தில் துரதிர்ஷ்டமான இடம்.

தைக்க வழி இருக்கிறது. 1976இல் மெக்கானல் சொன்ன தையல் முறையில் இருந்து பல வகை வந்துவிட்டன. 2017இல் வெளிவந்த ஒரு முறைக்கு நம் சென்னையின் அமர் அகர்வாலும், அகமதாபாத்தின் பிரியா நாரங்கும் காரணம்: ஊசியை ஒரே தடவை செலுத்தி, நூலை நாலு சுற்று சுற்றி இழுத்தால் முடிச்சே போடாமல் நிற்கும். ஐரிஸ் ரொம்பக் குறைந்துபோனவர்களுக்குச் செயற்கை ஐரிஸும் உண்டு, விலை கேட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும்.

ஆனால் இப்போது கேட்காதீர்கள். ஒரு வருடமாவது எதுவும் திரும்ப முளைக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் எந்த சர்ஜனும் மறுபடி அங்கே ஊசியைக் கொண்டுபோவார். அதுவரை விளிம்பு அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி. நடுவில் மட்டும் தெளிவாக விட்டு ஓரம் வண்ணம் பூசின கான்டாக்ட் லென்ஸ் பற்றியும் விசாரியுங்கள்.

---

நிலாமதி | 2 செப்டம்பர் 2023, இரவு 9:30

அண்ணா, முதல் நாள் ‘எதற்கு வெட்டணும்’ என்று எழுதியது நான்தான். என் கட்டியை வைத்து உங்கள் கட்டிக்குப் பதில் சொல்லிவிட்டேன். நல்லவேளை நீங்கள் கேட்கவில்லை.

---

அச்சகப்_பாண்டி | 2 செப்டம்பர் 2023, இரவு 10:05

அன்று ராத்திரி தூக்கம் வந்ததே உங்க பதிவைப் படித்துத்தான் தங்கச்சி. அதை விடுங்க.

---

அச்சகப்_பாண்டி | 27 ஆகஸ்ட் 2024, இரவு 9:50

ஒரு வருடம் ஆகிவிட்டது. நேற்று மறுபடி கிண்ணம், தண்ணி, யூபிஎம். கட்டி திரும்ப வரவில்லை. கார்னியா தெளிவு. அழுத்தம் 15. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், இது 5 வருடமாவது தொடரும் போல.

பாப்பாவைத் தைப்பது பற்றி டாக்டரே கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். தொப்பி பழகிவிட்டது. மெஷினுக்கு மேலே இருந்த டியூப்லைட்டை முதலாளி ஓர் அடி தள்ளி மாட்டிக் கொடுத்தார், அதிலேயே பாதிக் கூச்சம் போய்விட்டது. இன்று 2025 காலண்டர் ஓடியது. வலது கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிலுவை ஒன்றுதான். 7 மணிப் பக்கம் மட்டும் ஒரு சின்ன ஒளிக்கீற்று.

---

வைகைக்கரை | 30 ஆகஸ்ட் 2024, காலை 8:12

இழை முழுக்கப் படித்தேன். என் அப்பாவுக்கு வயது 61, அவருக்கும் ஐரிஸில் சிஸ்ட் என்று நேற்று சொன்னார்கள். ஊசியில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

---

பழைய_ஸ்லிட்லேம்ப் | 30 ஆகஸ்ட் 2024, காலை 8:40

புது இழை தொடங்குங்கள். அந்தக் கண்ணில் எப்போதாவது அடிபட்டதா, கண்புரை ஆபரேஷன் ஆனதா, கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுகிறாரா, இந்த மூன்றையும் முதல் வரியில் எழுதுங்கள். பதில் வரும்வரை ஊசி வேண்டாம்.

---

வைகைக்கரை | 30 ஆகஸ்ட் 2024, காலை 8:47

2011இல் கண்புரை ஆபரேஷன் ஆனது ஐயா. அதே கண்தான்.